அழுக மறுத்த குழி

ஆதிகேசவன் நாள்தோறும் விடியற்காலையில் பொதுக் கிணற்றின் முதல் வாளித் தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். அதன் பிறகுதான் சந்திலுள்ள மற்றவர்கள் நீர் இறைப்பார்கள். அவருக்கு யாரும் இட்ட வேலை அன்று அது. வாளியைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மீது வைப்பார். நீரின் அசைவு அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு கண்களை மூடிக் குனிந்து, மூக்கு நனையாத அளவுக்கு நெருங்கி, ஒரு முறை மூச்சை இழுப்பார். குடங்களோடு நின்றிருக்கும் பெண்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் தலையை ஆட்டினால் கயிறு மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும்.

அந்த மூக்குக்கு ஊரில் மதிப்பு இருந்தது. ஆம்பூரின் தோல் கிடங்குகளில் ஒன்றில் அவர் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த அந்தத் தொட்டிகளில் கிடந்துதான் பச்சைத் தோல் பதமாகும். எந்தத் தொட்டியில் சாறு முறுகியிருக்கிறது, எதில் நீர்த்துப் போயிருக்கிறது என்பதை அவர் கையை நனைக்காமலே சொல்லிவிடுவார். கிடங்கின் வேறு நாற்றங்கள் எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. இருபது ஆண்டுகளில் அவை அவருடைய மூச்சோடு கலந்துவிட்டன. தண்ணீரும் பட்டையும் மட்டுமே அவர் மூக்குக்கு எட்டின.

அந்தக் கிணற்றைத் தவிர அக்கம்பக்கத்தில் நல்ல நீர் கிடையாது. கிடங்குகளின் கழிவுநீர் இறங்கி மற்றக் கிணறுகளெல்லாம் உவர்த்துவிட்டன. அதை விட்டால் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் நீர் எடுக்க வேண்டும். ரயில் பாதையைக் கடந்து, கொதிக்கும் மணலில் இறங்கி, நிறைகுடத்தோடு திரும்பி வருவது இளம் பெண்களுக்கே பெரும்பாடு.

அப்படிப்பட்ட கிணற்றை அந்தச் சந்து பேணிய விதம்தான் விந்தையானது. கிணற்றிலிருந்து கல்லெறியும் தூரத்தில் ஒரு குப்பைமேடு வளர்ந்திருந்தது. காய்கறித் தோல், ஊசிப்போன சோறு, சாம்பல், எச்சில் இலை, கோழி இறகு என வீடுகள் கழித்ததெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. மழை பெய்தால் அந்த மேட்டின் சாறு கிணற்றை நோக்கியே ஓடியது. வெயில் காய்ந்தால் ஈ மொய்த்தது. யாராவது நெருப்பு வைத்தால் பகல் முழுதும் புகைந்தது. ஐப்பசி மழை முடிந்த ஒரு நாள் ஆதிகேசவன் முதல் வாளியை முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டாமல் நிமிர்ந்தார். தண்ணீரைக் கீழே கொட்டினார். அந்த வாரத்திலேயே சந்தில் இரண்டு வீடுகளில் ஆளுக்கொருவருக்கு வாந்திபேதி கண்டது. நல்லவேளையாக இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

சுகாதார அதிகாரி வந்தார். மேட்டையும் பார்த்தார், கிணற்றையும் பார்த்தார். குப்பை அங்கே இருக்கும்வரை கிணற்றைத் திறந்துவைக்க முடியாது என்றும், பலகை அடித்துப் பூட்டப்போவதாகவும் சொன்னார். வேறெங்கே கொட்டுவது என்று கேட்டதற்கு, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சுற்றியிருந்த நிலமெல்லாம் கிடங்குகளுக்குச் சொந்தம். ஆற்று மணலில் கொட்டினால் நாளை ஊற்று நீரும் கெடும்.

அப்போது முன்வந்து பேசியவர் தேவசகாயம். அதே சந்தில் பிறந்து, பம்பாய்க்குப் பிழைக்கப் போய், அங்கே தொழுநோயாளர் இல்லமொன்றில் காவல் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்த இல்லத்தில் கழிவுகளை மூடிய தொட்டியில் அடைத்து, அதிலிருந்து எழும் வாயுவைக் குழாயில் பிடித்து விளக்கு எரித்தார்களாம். அந்த விளக்கின் கீழே உட்கார்ந்து தாம் பல மாலைகள் சோறு தின்றிருப்பதாகச் சொன்னார். குப்பைமேட்டை அகற்றி, கிணற்றுக்கு வெகு தொலைவில், சந்தின் மறுகோடியில் செங்கல் குழி ஒன்று கட்டினால் இங்கேயும் அதைச் செய்யலாம் என்றார்.

"குப்பை எரியும், அது எனக்குத் தெரியும். குப்பையோட மூச்சு எரியுமா?" என்று ராஜம்மாள் கேட்டாள். ஆதிகேசவனின் அடுத்த வீட்டுக்காரி அவள், எதையும் சுண்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள்.

"கட்டிப் போட்ட மாடுன்னு நெனச்சுக்கோங்க அக்கா. நம்ம வீட்டு மிச்சத்தத் தின்னுட்டு இருட்டுல அசை போடும். பாலுக்குப் பதிலா நெருப்பு கறக்கும். சாணி போடுறதும் உண்டு, அது வயலுக்கு ஆகும்" என்றார் தேவசகாயம்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனமும் இளகியது. ஆடி பிறப்பதற்குள் அந்தக் குழி எரிந்து காட்டட்டும் என்றார். எரிந்தால் கிணறு திறந்திருக்கும். எரியாவிட்டால் அது இடம் மாறிய இன்னொரு குப்பைமேடுதான். குழியையும் தூர்த்து, கிணற்றையும் பூட்டிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

ஆதிகேசவன் தம் வீட்டுக் கொல்லையைக் கொடுத்தார். தேவசகாயம் குழி வெட்டிச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினார். ரயில்வேக்காரர்கள் கழித்த ஒரு பெரிய இரும்புப் பீப்பாயை வாங்கி வந்து, வாய் கீழாகக் குழிக்குள் கவிழ்த்தார். உள்ளே வாயு சேரச் சேரப் பீப்பாய் மேலே எழும்பும். சந்துக்காரர்கள் அதற்குத் 'தொப்பி' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் சாய்வாக ஒரு வாய் இருந்தது. அதன் மரமூடியைத் தூக்கிக் குப்பையைச் சாணக் கரைசலோடு ஊற்ற வேண்டும்.

தை மாதத்தில் குழி நிறைந்தது. பழைய மேட்டின் சாம்பலும் மண்ணும் வண்டியேறிப் போயின. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாலையில் ஒரு கூடை வந்தது. எல்லோரையும்விட அதிகம் கொண்டுவந்தவர் முனவ்வர் பேகம். கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் தனியாக வாழ்ந்த விதவை அவர். கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைத்தார். பெரிய சட்டிகளைக் கழுவிய நெய்த் தண்ணீரும், வெங்காயத் தோலும், கறிக் கழிவும் அவர் வீட்டிலிருந்து குடம் குடமாக வந்தன.

பங்குனி பிறந்ததும் தொப்பி ஒரு சாண் எழும்பியது. தேவசகாயம் குழாயின் முனையில் தீக்குச்சியைக் காட்டினார். 'உஸ்' என்ற ஓசையோடு நீலநிறச் சுடர் ஒன்று எழுந்து நின்றது. புகையில்லை, கரியில்லை. ஒரு செம்பு தண்ணீர் அதன்மேல் கொதித்தது. ராஜம்மாள் செம்பின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, விரலில் கரி ஒட்டவில்லை என்று எல்லோருக்கும் காட்டினாள். மாதனூரிலிருந்து வந்திருந்த கன்னியப்பன் என்ற உழவர், குழி வெளியே தள்ளும் குழம்பு தம் நிலத்துக்கு வேண்டும் என்று அப்போதே சொல்லி வைத்தார். ஈக்கள் குறைந்துவிட்டன. கிணற்று நீரில் பழைய வாடை இல்லை. ஆதிகேசவன் தலையை ஆட்டியபோதெல்லாம் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

சித்திரையில் தொப்பி இறங்கத் தொடங்கியது.

முதலில் யாரும் பெரிதாக எண்ணவில்லை. பிறகு அது குழியின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தீக்குச்சி காட்டினால் குச்சிதான் எரிந்தது. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. தேவசகாயம் குழாயை ஊதிப் பார்த்தார், பீப்பாயில் ஓட்டை இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒன்றும் புலப்படவில்லை. குடியாத்தத்தில் அவருக்குக் கட்டட வேலை கிடைத்திருந்தது. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

ஆதிகேசவன் யோசித்தார். அவருக்குத் தெரிந்தது தோல். ஆகையால் தோலைக்கொண்டே யோசித்தார். பச்சைத் தோலில் கொழுப்பைச் சரியாகச் சுரண்டாவிட்டால் அதில் பட்டைச் சாறு இறங்காது. தொட்டியில் எத்தனை நாள் போட்டாலும் அந்த இடம் வெளுத்துக் கெட்டுப்போகும். கொழுப்பு இருக்குமிடத்தில் வேலை நடக்காது. இது கிடங்கில் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் கற்ற பாடம். குழிக்குள் கொழுப்பை ஊற்றியது யார்? இந்தக் கேள்விக்குச் சந்தில் ஒரே ஒரு வீடுதான் விடையாக இருந்தது.

மறுநாள் காலையில், கிணற்றடியில், எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது அவர் அதைச் சொன்னார். முனவ்வர் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டபடி வரிசையில் நின்றிருந்தார்.

"கல்யாணச் சட்டி கழுவுன நெய்யெல்லாம் குழியில ஊத்தி அதோட வயித்தக் கெடுத்துட்டாங்க. அதான் எரியல. இனிமே அந்த வீட்டுக் குடம் என் கொல்லைக்கு வர வேணாம்."

முனவ்வர் பேகம் மெதுவாகத்தான் பேசினார். "நீங்கதான ஜாஸ்தி கொண்டாரச் சொன்னீங்க, மேஸ்திரி? இப்ப ஜாஸ்தின்னு சொல்றீங்க."

ஆதிகேசவன் கயிற்றை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். ஆனால் அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. கிணறு பூட்டப்படும் என்ற அச்சத்தில் இருந்தவர்களுக்கு அந்த அச்சத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு முனவ்வர் பேகத்தின் முறை வந்தபோது கயிறு அவர் கைக்கு வரவில்லை. அவர் கேட்டார்; ஒருத்தி காதில் விழாதவள்போல நின்றாள், இன்னொருத்தி தனக்கு அவசரம் என்றாள். மூன்றாம் நாள் அவர் கிணற்றுக்கு வருவதை நிறுத்தினார். வெறும் குடத்தோடு ரயில் பாதையைக் கடந்து ஆற்று மணலில் இறங்கிப் போவதைச் சந்து பார்த்தது. ஆதிகேசவனும் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குடியாத்தத்திலிருந்து வந்த தேவசகாயம் இதைக் கேட்டு வருந்தினார். பம்பாயில் எண்ணெயும் போட்டதாக நினைவு என்றார். உறுதியாகத் தெரியுமா என்று ஆதிகேசவன் கேட்டார். காவல்காரனாக இருந்தவர் எவ்வளவுக்கு உறுதி சொல்ல முடியும்? அவர் அதோடு பேச்சை விட்டுவிட்டார்.

நெய்யை நிறுத்தியும் தொப்பி எழவில்லை. ஆதிகேசவன் தம்மால் ஆனதைச் செய்தார். அந்தச் சந்தில் எந்தக் கெடுதலுக்கும் மருந்து ஒன்றே: பட்டைச் சக்கை. தொட்டியில் சாறு இறங்கியபின் எஞ்சும் அந்தச் செந்நிறச் சக்கையைக் கிடங்கு வேலையாட்கள் மாலைதோறும் கூடையில் அள்ளி வருவார்கள். சாக்கடையோரம் தூவுவார்கள், கோழிக் கூண்டின் அடியில் பரப்புவார்கள், செத்த எலியைக்கூட அதில்தான் புதைப்பார்கள். நாற்றம் அடங்கிவிடும். குழி கட்டிய நாளிலிருந்தே, அக்கம்பக்கத்தாருக்குத் தம் கொல்லை தொந்தரவாகிவிடக் கூடாது என்று, ஆதிகேசவன் மாலைதோறும் அரைக் கூடை சக்கையை அதன் வாயில் கொட்டி வந்தார். இப்போது அதை முழுக் கூடை ஆக்கினார். கொழுப்பால் கெட்டதைப் பட்டை சரிசெய்யும் என்பது அவர் நம்பிக்கை. சில நாட்களில் பழைய சாற்றையே ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்.

குழி நாறவில்லை. அதை ஒரு நல்ல அறிகுறி என்றே அவர் எண்ணினார்.

வைகாசியின் நடுவில் ஒரு பிற்பகல் கிடங்கில் ஒரு சிறு கலவரம் ஏற்பட்டது. ஓரத்துத் தொட்டியொன்றில் ஒரு தோலைச் சரியாக அமிழ்த்தாமல் விட்டிருக்கிறார்கள். பாதி சாற்றில் மூழ்கியும் பாதி விளிம்புக்கு வெளியே தொங்கியும் சில நாட்களாக அது கிடந்திருக்கிறது. முதலாளியின் கணக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஆதிகேசவன் போய்த் தோலைத் தூக்கிப் பிடித்தார். வெளியே தொங்கிய பாதி கூழாகிப் புழு நெளிந்தது. தொட்டால் கையோடு வந்தது. உள்ளே கிடந்த பாதி தம்பட்டம்போல உறுதியாக, செம்பழுப்பு நிறத்தில், புழு அணுகாமல் இருந்தது. இதே காட்சியை அவர் ஆயிரம் தடவை கண்டிருக்கிறார். பட்டை பட்ட பொருள் அழுகாது. அந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது.

கையில் தோலைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றுவிட்டார். கணக்கர் இரண்டு முறை அழைத்தும் அவர் திரும்பவில்லை.

அன்று மாலை அவர் வெறுங்கூடையோடு வீடு திரும்பினார். நேரே கொல்லைக்குப் போய்க் குழியின் மரமூடியைத் தூக்கினார். கிணற்றடியில் செய்வதைப் போலவே கண்களை மூடி, குனிந்து, ஒரு முறை மூச்சை இழுத்தார். சாணத்தின் வாடை இல்லை. அழுகலின் வாடை இல்லை. தம் கைகளின் வாசனை இருந்தது. தம் வேட்டியின், தம் தொட்டியின் வாசனை இருந்தது. ஒரு கோலை விட்டுக் கிளறினார். சித்திரையில் போட்ட வாழைப்பூ மடலொன்று நேற்றுப் போட்டதைப் போலக் கெட்டியாக மேலே வந்தது.

அவர் மனைவி செண்பகம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"குப்பை அழுகணும்டி. இது அழுகணும். அழுகுனாத்தான் மூச்சு விடும். நான் கொஞ்சங் கொஞ்சமாப் பட்டையக் கொட்டி, தோலப் பதம் பண்ற மாதிரி குப்பையப் பதம் பண்ணி வெச்சிருக்கேன்."

செண்பகம் குழியை எட்டிப் பார்த்தாள். அந்த மடலையும் பார்த்தாள். "இத வெச்சு செருப்பு தெக்கலாம்போல" என்று சொல்லிவிட்டு, கொல்லைச் சுவரின் அந்தப்பக்கம் பார்த்து, "அப்ப அந்தம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். குழி ஏன் எரியவில்லை என்று தெரிந்தபோது மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது உண்மை. ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அந்தக் கல் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

விளக்கு வைக்கும் முன்பே அவர் முனவ்வர் பேகத்தின் வாசலுக்குப் போனார். செண்பகமும் உடன் வந்தாள். கதவருகே சாக்குத் திரைக்கு உள்ளே பேகம் உட்கார்ந்து மணலில் நடந்து வெந்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தோல் கிடந்த விதத்தைச் சொன்னார், குழியை முகர்ந்ததைச் சொன்னார், தினமும் தாம் கொட்டிய கூடையைச் சொன்னார். "உங்க நெய் ஒண்ணும் பண்ணல, பேகமம்மா. கெடுத்தது நான். உங்க மேல பழி போட்டதும் நான்" என்று முடித்தார்.

திரைக்கு உள்ளே எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"ஒரு கொக்கு கதை இருக்கு, மேஸ்திரி. கேக்குறீங்களா?" என்றார் முனவ்வர் பேகம். "ஒரு குளத்துல ஒரு கொக்கு இருந்துச்சு. அதுக்குக் குளத்து மேல அவ்ளோ ஆசை. தண்ணி தெளிவா இருக்கான்னு தெனம் விடிஞ்சதும் நடுக்குளம் வரைக்கும் நடந்து போய்ப் பாக்கும். தெனமும் கலங்கிக் கிடக்கும். கொக்குக்குக் கோவம் வந்துருச்சு. தவளை குதிச்சுக் கலக்குதுன்னு தொரத்துச்சு. நண்டு தோண்டிக் கலக்குதுன்னு தொரத்துச்சு. கடசில ஒரு கிழ ஆமை, அது பாட்டுக்குக் கரையில கிடந்துச்சு. அதையும் போன்னு சொல்லிருச்சு. ஒரு நாள் கொக்குக்குக் கால்ல முள்ளு குத்திருச்சு. நடக்க முடியல, கரையிலயே நின்னுச்சு. அன்னைக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சாம்."

ஆதிகேசவன் தலை நிமிரவில்லை. "அப்புறம் கொக்கு இன்னா பண்ணுச்சு?"

"அத ஆமைகிட்ட கேட்டா? கொக்குகிட்டல்ல கேக்கணும்" என்றார் அவர். திரை அசையவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் தேவசகாயத்துக்கு ஆள் போயிற்று. அவர் வந்து விவரம் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். பம்பாயில் பட்டை ஏது என்றார். இருவருமாகத் தொப்பியைத் தூக்கி, செந்நிறக் குழம்பை வாளி வாளியாக வெளியே எடுத்தார்கள். செங்கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். தோண்டிய சக்கையைக் கொல்லைப் பாதையில் பரப்பினார்கள்; அங்கே அது நன்றாகவே பயன்பட்டது. பிறகு புதுச் சாணம் கரைத்து ஊற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இனி இந்தக் கொல்லைக்குள் ஒரு துண்டுப் பட்டையும் வரக் கூடாது என்று ஆதிகேசவன் தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொண்டார். கிடங்கிலிருந்து வந்ததும் கை கால் கழுவாமல் குழியருகே போகமாட்டார். செண்பகம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குப்பை கேட்டு அவர் முனவ்வர் பேகத்திடம் போகவில்லை. செய்த தவறுக்கு வருந்தப் போய்விட்டு மறுநாளே உதவி கேட்டு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில், கொல்லைச் சுவரின்மேல் ஒரு குடம் இருந்தது. உள்ளே கல்யாணச் சட்டி கழுவிய தண்ணீர்; நெய் மேலே மிதந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு அடிக்கடி அந்தக் குடம் அங்கே வந்து உட்கார்ந்தது. வெறுங்குடத்தைக் கழுவி, ஆதிகேசவன் அதே இடத்தில் திருப்பி வைப்பார்.

இம்முறை குழி நாறியது. மூடியைத் தூக்கினால் கண்ணில் நீர் வரும். ஆதிகேசவனுக்கு அந்த வாடை தெரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கெட்ட நாற்றம் தம் மூக்குக்கு எட்டியதை எண்ணி அவர் மகிழ்ந்தார். ஆனி பிறந்து சில நாட்களில் தொப்பி ஓர் அங்குலம் அசைந்தது. பிறகு ஒரு சாண். ஆனி முடிவதற்குள் பீப்பாயின் பாதி வெளியே நின்றது. ராஜம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது, கன்று போடுமா என்று விசாரித்தாள்.

சுகாதார அதிகாரி சொன்னபடியே வந்தார். உடன் பலகையும் பூட்டும் சுமந்து ஒரு சேவகரும் வந்தார். சந்து முழுதும் கொல்லையில் கூடியிருந்தது. முனவ்வர் பேகத்தின் தலைமட்டும் சுவருக்கு மேலே முக்காட்டோடு தெரிந்தது. தேவசகாயம் குழாயைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். நீலச் சுடர் எழுந்தது. பகல் வெளிச்சத்தில் அது ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியவில்லை. செண்பகம் பாத்திரத்தை ஏற்றினாள். தண்ணீர் பாடத் தொடங்கியபோது கூட்டத்தில் ஒருவர் மூச்சை விட்டார். பிறகு எல்லோரும் விட்டார்கள். அதிகாரி தேநீர் குடித்தார், பாத்திரத்தின் அடியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், கிணற்றடிக்குப் போனார். பழைய மேடு இருந்த இடத்தில் இப்போது அவரைக்கொடி படர்ந்திருந்தது. ஆதிகேசவன் ஒரு வாளி இறைத்து நீட்ட, அதிகாரியும் குனிந்து முகர்ந்தார். பிறகு சேவகரைப் பார்த்து, பலகையைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

"நல்ல காரியம் செய்தீர், மேஸ்திரி. உம்முடைய குழி மற்ற ஊருக்கும் பாடம்" என்றார்.

அங்கேதான், கிணற்றடியில், எந்த இடத்தில் நின்று பழி சொன்னாரோ அதே இடத்தில் நின்று, ஆதிகேசவன் வாயைத் திறந்தார்.

"ஐயா, கட்டுனது தேவசகாயம். கெடுத்தது நான். பட்டைச் சக்கையக் கொட்டிக் குழியச் சாகடிச்சுட்டு, முனவ்வர் பேகமம்மாதான் கெடுத்தாங்கன்னு இங்கேயே நின்னு சொன்னேன். இவங்களுக்கெல்லாம் தெரியும். அந்தம்மா ஊத்துன நெய்த் தண்ணியிலதான் இப்ப இது எரியுது."

அதிகாரிக்கு முழுவதும் விளங்கியிராது. அவர் தலையை அசைத்துவிட்டுப் புறப்பட்டார். காதில் விழாதவள்போல அன்று நின்ற பெண், தன் குடத்தின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் குழியிலிருந்து ஒரு சமையலறைவரை போதுமான ஈயக் குழாய் வாங்கி வைத்திருந்தார். மற்ற வீடுகளுக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பது ஏற்பாடு. முதல் அடுப்பு செண்பகத்தினுடையது என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. குழி அவள் கொல்லையில். சுவரில் துளையிட வேண்டிய இடத்தைக்கூடக் கரியால் குறித்திருந்தார்கள். அன்று மாலை தேவசகாயம் உளியோடு வந்தபோது ஆதிகேசவன் மனைவியைப் பார்த்தார். அவர் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் பேசினாள்.

"எனக்குப் புகை இன்னா புதுசா? அந்தம்மா பெரிய பெரிய சட்டி வெக்கிறவங்க. கரிய அழிச்சுட்டு அந்தச் சுவத்துல போடுங்க."

அவ்வாறே கொல்லைச் சுவரில் துளை விழுந்தது. அந்தப்பக்கம் செங்கல் பொடி உதிர்ந்ததும் முனவ்வர் பேகத்தின் குரல் கேட்டது: யார் சுவரை இடிப்பது என்று. ஆதிகேசவன் துளைக்குள் குழாயைச் செலுத்தியபடி, "கொக்குதான், பேகமம்மா" என்றார். பிறகு குழாயின் முனையை உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் ஆதிகேசவன் வழக்கம்போலக் கிணற்றுக்கு வந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில், சற்று விலகி, முனவ்வர் பேகம் நின்றிருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு வந்திருந்தார். செண்பகம் போய் அழைத்து வந்திருக்க வேண்டும். ஆதிகேசவன் முதல் வாளியை இறைத்தார். அதைக் கைப்பிடிச் சுவர்மீது வைக்கவில்லை. வரிசையைக் கடந்து கொண்டுபோய் முனவ்வர் பேகத்தின் முன்னால் வைத்தார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் முக்காட்டை ஒதுக்கிக் குனிந்தார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் அவசரப்படவில்லை, நீரின் அசைவு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, தலையை ஆட்டினார். ஆதிகேசவன் அந்த வாளியை அவர் குடத்தில் ஊற்றினார்; அது பாதிதான் நிறைந்தது. இன்னொரு வாளி இறைக்கத் திரும்பியபோது, கயிறு ஏற்கெனவே ராஜம்மாளின் கையில் இருந்தது. அவள் அந்தக் குடத்துக்காக இறைத்துக்கொண்டிருந்தாள்.